மேலேயிருந்து வெட்டினாள்

உட்காருங்கள் சார், உட்காருங்கள். பையைத்தானே பார்க்கிறீர்கள்? மடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லை, மேலே வைக்க முடியாது. டிரைவர் பிரேக் போட்டால் யார் தலையிலாவது விழும். விழுந்தால் ஆள் காலி. சிரிக்காதீர்கள், கனம் அப்படி. கொஞ்சம் தூக்கித்தான் பாருங்களேன். பார்த்தீர்களா? அரிசி இல்லை. துணியும் இல்லை. நாவல்.

நான் எழுதியதுதான்.

மதுரைக்கா? நல்லதாகப் போயிற்று. நானும் மாட்டுத்தாவணி வரைக்கும்தான். இன்றைக்கு மதுரையில் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

என் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறதா? எல்லோரும் சொல்வதுதான். டெஸ்கில் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சும் அச்சுத் தமிழாகவே ஆகிவிட்டது. மளிகைக் கடையில் போய் "அரை கிலோ துவரம் பருப்பு வேண்டும்" என்பேன். கடைக்காரர் உள்ளே பார்த்து, "ஏலே, சார் செய்தி வாசிக்காரு, என்னன்னு கேளு" என்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் சப் எடிட்டர். பேப்பர் பெயர் வேண்டாம், இன்னும் தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நிருபர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். அதை வாங்கிச் சுருக்குவது நான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் பத்து வரி ஆக்குவேன். பத்து வரி கொடுத்தால் நாலு. எங்கள் ஊரில் ஒருத்தர் இறந்துபோனால், அவர் எத்தனை வரியில் இறந்தார் என்பதை நான்தான் முடிவு செய்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன?

ஒரு நிருபர் இருந்தார், செல்வமணி என்று. லாரியும் வேனும் மோதியதை "மாலை மயங்கும் நேரத்தில்" என்று ஆரம்பித்துக் கொண்டுவந்தார். நான் சொன்னேன், "செல்வமணி, மாலை மயங்கலை. டிரைவர்தான் மயங்கியிருக்காரு. அதை எழுதுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதற்கப்புறம் என் மேசைக்குத் தன் செய்தியை அடுத்தவர் கையில்தான் கொடுத்து அனுப்புவார். 'கதறி அழுதார்' என்று வந்தால் 'கதறி'யை எடுப்பேன். 'கண்ணீர் மல்க விடைபெற்றார்' என்று வந்தால் 'சென்றார்'. அடைமொழி என்பது ஊளைச்சதை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

இப்போது கேளுங்கள். அப்படி நான் வெட்டிப்போட்ட அடைமொழியெல்லாம் எங்கே போயிற்று? குப்பைக்கூடைக்கா? இல்லை சார். எல்லாம் என்னிடம்தான் இருந்தது. பணி ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து, வெள்ளைப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் பாருங்கள், ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றது. எங்களை எப்போது சேர்த்துக்கொள்வாய், எங்களை எப்போது சேர்த்துக்கொள்வாய் என்று. நான் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை.

'செந்தணல் பெருவெளி.' அதுதான் தலைப்பு. எங்கள் ஊரில் ஒரு வருஷம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. குழாயில் காற்றுகூட வரவில்லை. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அடிதடி. அந்த வருஷம்தான் நாவல். கதாநாயகன் எழில்மாறன். நிருபர். கலெக்டர் அறைக்குள் நுழைந்து தண்ணீருக்காக நியாயம் கேட்பான். அந்தப் பேச்சு மட்டும் முப்பது பக்கம். கலெக்டரா? அவர் பதில் பேச மாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவு ஆழமான பேச்சு.

ஆரம்பம் சொல்லட்டுமா? மனப்பாடமாகவே வரும். "கீழ்வானத்தின் காரிருள் கருப்பையைக் கிழித்துக்கொண்டு, குருதி தோய்ந்த மகவெனத் தலைநீட்டிய கதிரவன், தன் ஆயிரமாயிரம் அனற்கரங்களால் அந்த அபலை மண்ணின் வெடித்த மார்பகத்தை..." என்ன சார், வெயிலா? இருங்கள், திரையை இழுத்து விடுகிறேன். கொட்டாவி வந்தால் விடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். சூரிய உதயம் மட்டும் பதினெட்டுப் பக்கம். எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் காலையில் காபி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் கேட்பாள், "என்ன, உதிச்சிருச்சா?" இல்லை என்பேன். "இன்னுமா? இங்க துணியே காஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு இலக்கியம் அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீர் பாட்டில் உங்களுக்கில்லை, எனக்குத்தான், முன்னாலிருந்து வருகிறது. வாங்கிக் கொடுங்கள். நீங்களும் ஒரு வாய் குடியுங்கள். வீட்டுத் தண்ணீர்தான், காய்ச்சி ஆறவைத்தது.

ஆயிரத்துச் சொச்சம் பக்கம் சார். ஒரே மூச்சில். அடித்தல் திருத்தல் கிடையாது. அதுதான் எங்கள் தொழில் பழக்கம். டெஸ்கில் ஒரு தடவைதான் எழுதுவோம். எழுதினால் கீழே அச்சுக்குப் போய்விடும், காலையில் ஊர் படித்துவிடும். முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் பேப்பர் மறுநாள் மத்தியானம்தான் வரும்.

அதை எடுத்துக்கொண்டு இரண்டு பதிப்பகங்களுக்குப் போனேன். ஒருத்தர், தபால் செலவு கொடுத்தால் திருப்பி அனுப்புகிறேன் என்றார். இன்னொருத்தர், "ஐயா, இதைத் தூக்கி வைக்கவே எங்ககிட்ட அலமாரி இல்லை" என்றார். இருக்கட்டும். அப்போதுதான் ஜெசிந்தா ஞாபகம் வந்தது.

ஜெசிந்தா என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை. தூத்துக்குடிப் பெண். நன்றாக எழுதுவாள், நிறைய எழுதுவாள். நான் போட்ட போடில் ஒரே வருஷத்தில் சரியாகிவிட்டாள். இப்போது மதுரையில் சொந்தமாகப் பதிப்பகம் வைத்திருக்கிறாள். சின்னதுதான். ஆனால் அவள் போடுகிற புத்தகத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. போன் பண்ணினேன். "சார், நீங்க எழுதினதா? உடனே அனுப்புங்க சார்!" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் பாதிக்காவது அவள் அப்புறம் நியாயம் செய்திருக்கலாம்.

இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு போன். "சார், முதல் வரைவுல எல்லாருமே அதிகமாத்தான் எழுதுவாங்க. அதுல தப்பே இல்லை. முதல் வரைவு நமக்காக எழுதறது. நான் கொஞ்சம் கை வச்சிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் என்றாள் சார். கொஞ்சம்.

கூரியரில் வந்த கட்டைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தை நூற்றுச் சொச்சம் ஆக்கிவிட்டாள்.

வெட்டியதுகூடப் பரவாயில்லை. நானும் வெட்டினவன்தான். எங்கே வெட்டினாள் என்பதுதான் விஷயம். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எங்கள் தொழிலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சொல்கிறேன்.

ஈயத்தில் எழுத்துக் கோத்த காலம். டெஸ்க் மாடியில், அச்சுக் கோப்பது கீழே. கீழே பக்கம் கட்டுவது அருளப்பன் என்று ஒருவர். பத்தி பக்கத்தில் அடங்கவில்லை என்றால் மேலே வந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு ரயிலுக்குப் பேப்பர்க் கட்டு போக வேண்டும். செய்தியின் அடியிலிருந்து வேண்டிய வரியை உருவிப் போட்டுவிடுவார். அடியில் எந்த உயிர் போகிறது என்று பார்க்க மாட்டார். அதனால் நாங்கள் என்ன செய்வோம்? முக்கியமானதையெல்லாம் தலையில் வைப்போம். யார், எங்கே, எத்தனை பேர். கீழே போகப் போக, இருந்தாலும் சரி, போனாலும் சரி என்கிற சமாச்சாரம். கடைசிப் பத்தி என்பது பறிகொடுப்பதற்கென்றே எழுதுவது. ஈயம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் நாங்கள் அப்படித்தான். வெட்டுவதென்றால் கீழேயிருந்து வெட்டு. ஜெசிந்தாவுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

அவள் மேலேயிருந்து வெட்டியிருக்கிறாள் சார்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் மேலேயிருந்து. சூரிய உதயம் போயிற்று. வறண்ட கண்மாயைப் பற்றி நாற்பது பக்கம், போயிற்று. கலெக்டர் அறைப் பேச்சு முழுவதும் போயிற்று. எழில்மாறன் மொட்டைமாடியில் நின்றுகொண்டு மேகத்தைப் பார்த்துச் சவால் விடுவான், படித்தால் உடம்பு சிலிர்க்கும், அது போயிற்று. எதை வைத்திருக்கிறாள் தெரியுமா? ஒவ்வொரு அத்தியாயத்திலும் கடைசிப் பத்தி. அதை மட்டும். அந்தக் கடைசிப் பத்திகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, நடுவில் அங்கங்கே என் வரிகளிலேயே இரண்டு மூன்று எடுத்துப் போட்டு, இதுதான் நாவல் என்று அனுப்பியிருக்கிறாள்.

அந்தக் கடைசிப் பத்தி எல்லாம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், அப்போது உங்களுக்கே புரியும். நான் கையால் எழுதுகிறவன். அத்தியாயம் முடியும். பக்கத்தின் அடியில் நாலு விரல், ஐந்து விரல் இடம் மிச்சம் இருக்கும். வேறொருத்தராக இருந்தால் விட்டுவிடுவார். நான் பேப்பர்க்காரன். வெள்ளையாக இடம் கிடந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். டெஸ்கில் அதற்கென்று குட்டிச் செய்திகள் எடுத்து வைத்திருப்போம். 'கிணற்றில் விழுந்த ஆடு மீட்பு.' 'பள்ளியில் மரக்கன்று நடும் விழா.' ஃபில்லர் என்போம். அந்த மாதிரி எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன். கையும் ஓய்ந்திருக்கும், அடைமொழி யோசிக்கத் தெம்பு இருக்காது. எதிரே காபி டம்ளரை எடுக்க இவள் வந்து நிற்பாள். சரி, கண்ணில் படுகிறாளே என்று, அந்தத் தண்ணீர் இல்லாத வருஷத்தில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை எழுதிவிடுவது. அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை பாருங்கள். எழில்மாறனுக்கு ஒரு மனைவி இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

ஒன்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். "அவள் மூன்று குடத்தையும் இறக்கி வைத்தாள். ஒன்றில் பாதிதான் இருந்தது. வரும் வழியில் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு ஊற்றிவிட்டாளாம். குளிக்கணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது."

இது எழுத்தா சார்? ஒரு உவமை உண்டா? 'முகம் கொஞ்சம் தெளிந்தது.' எப்படித் தெளிந்தது? எதைப்போலத் தெளிந்தது? ஒன்றும் கிடையாது. நான் நினைத்திருந்தால் அந்த முகத்துக்கே மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன். "அவள் வாசலில் குடங்களை வரிசையாக வைத்தாள். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். எழில்மாறன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். லாரி எப்ப வரும்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கா என்று கேட்டாள். போடவில்லை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்."

திரும்பச் சொல்லவா? எதற்கு? வேண்டாம், ஒரு தடவை போதும்.

நடந்ததுதான், ஆமாம். நான் அப்போது நைட் ஷிப்ட். விடிந்துதான் வருவேன், அவள் அப்போதுதான் குடத்தோடு கிளம்புவாள் அல்லது திரும்பி வருவாள். கியூவில் நான் நின்றதில்லை. எனக்கு எங்கே நேரம்? ஆனால் அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் ஊரில் கிடையாது. வந்த செய்தி அத்தனையும் என் கையால்தான் போயிற்று. 'காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்' என்று தலைப்பு எத்தனை நாள் போட்டிருக்கிறேன்! அந்தப் பெண்களில் இவளும் இருந்தாளாம். அதுவே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அந்தப் போட்டோவையும் நான்தான் ஓரம் வெட்டி அளவு குறைத்தேன். வலது பக்கம் கொஞ்சம் போயிற்று.

கதை முடிவுக்கு வருகிறேன். என் முடிவில் மழை வரும். வானம் பிளந்து வரும். எழில்மாறனை ஊர் ஜனம் தோளில் தூக்கிக்கொண்டு போகும். மழை மட்டும் இருபது பக்கம். ஜெசிந்தா அத்தனை மழையையும் துடைத்துப் போட்டுவிட்டு, அடியில் கிடந்த இரண்டு வரியை வைத்து முடித்திருக்கிறாள். "குழாயில் தண்ணீர் வந்த அன்று அவள் முதலில் துவைத்தது அவனுடைய சட்டையை. தன் புடவையை மறுநாள் துவைத்துக்கொண்டாள்." முடிந்தது. இதற்குப் பெயர் முடிவா? ஊர் திரண்ட காட்சி எங்கே, சட்டை துவைப்பது எங்கே!

ஓரத்தில் ஒரு கேள்வி வேறு. எல்லாவற்றையும் அதிகம் அதிகம் என்று வெட்டினவள், ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர்க்கச் சொல்கிறாள். "சார், இந்தப் பெண்ணுக்கு நாவலில் எங்குமே பெயர் இல்லை. 'அவள்' என்றே வருகிறது. பெயர் என்ன?" நியாயம்தானா? தொள்ளாயிரம் பக்கம் அதிகம் என்கிற வாயால் ஒரு வார்த்தை குறைகிறது என்பது! சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கத்திலேயே எழுதினேன், 'தேவையில்லை' என்று. பழைய பேனாதான், இன்னும் நன்றாக எழுதுகிறது.

அந்தக் கட்டைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் கோபத்தில் கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை. அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. இவள் மேசையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். என் பெரிய பிரதியில் சூரியன் உதிக்கிற வரைக்கும்கூட அவள் வந்ததில்லை சார். ஐந்தாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றவள். இதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்ன கேட்டாள் தெரியுமா?

"இது யாரு எழுதினது?"

நான் உடனே போனை எடுத்தேன். ஜெசிந்தாவிடம் சொன்னேன், "பாத்தியாம்மா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் என்கூடவே இருக்கிறவளுக்கே இது என் எழுத்துன்னு தெரியலை. அந்த அளவுக்கு வெட்டியிருக்கே. இதைவிட வேற சாட்சி வேணுமா?" என்று. "சார், அவங்ககிட்ட போனைக் கொடுக்கறீங்களா?" என்றாள். கொடுத்தேன். இவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள். நடுவில் இவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இவள் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை. திரும்பி வந்து போனைக் கொடுத்துவிட்டுப் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. பெண்கள் பேசிக்கொள்வதில் என்ன செய்தி இருக்கப் போகிறது?

அப்புறம் ஜெசிந்தா என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள். "சார், இந்த வடிவத்துல போடறதுன்னா நான் போடறேன். புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டுவந்துடலாம். பெரிய பிரதியைப் போட என்னால முடியாது சார், மன்னிச்சுக்கங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொல்லலைன்னா அச்சகத்துல எனக்குக் கொடுத்த இடம் போயிடும்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் போகிறேன். போய், முடியாது என்று சொல்கிறேன். பெரிய பிரதியை மேசைமேல் வைத்து, போட்டால் இதைப் போடு, இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று சொல்கிறேன். புத்தகமே வராமல் போகட்டும். எனக்கு எழுபது நெருங்குகிறது, இனிமேல் இன்னொன்று எழுதக் கையில் தெம்பில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுத்தைச் சுருக்கினவன் நான். என் எழுத்தைச் சுருக்க நான் விட மாட்டேன். அந்த வெட்டின கட்டைக்கூட நான் எடுத்துவரவில்லை. பழைய பேப்பர் அடுக்கின்மேல் போட்டேன். இன்று காலை பார்த்தேன், காணோம். கடைக்குப் போட்டாயிற்றுபோல. விட்டது சனியன்.

கப்பலூர் டோல்கேட் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். கடலை வேண்டுமா? இதுவும் முன்னாலிருந்துதான் வருகிறது. அவித்த கடலை, சூடு இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் இரண்டு பொட்டலம்.

யார் அனுப்புகிறார்களா? வீட்டில்தான். ஆமாம், இதே பஸ்தான். அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. நீலப் புடவை, மடியில் வயர்கூடை. நாங்கள் ஏறும்போது இரண்டு பேர் சீட் ஒன்று காலியாகத்தான் இருந்தது. இதுதான். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தேன். அவள் நின்று பார்த்தாள், பையைப் பார்த்தாள், முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐயய்யோ, எழுந்திருக்காதீர்கள், நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? இது அவள் சீட் இல்லை சார். பை சீட்.

எதற்கு வருகிறாள் என்றுதான் எனக்கும் தெரியவில்லை. நேற்று ராத்திரி, "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். புடவை எடுப்பாளாக இருக்கும். அல்லது அவள் தங்கச்சி வீடு செல்லூரில் இருக்கிறது, அங்கே போவாளாக இருக்கும். என் விஷயத்தில் அவளுக்கு என்ன வேலை?

நீங்கள் என்ன சார், அவளையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள்? கதை கேட்டது என்னிடம்.

நானும் ஒன்றும் நியாயம் தெரியாதவன் இல்லை. ஜெசிந்தா சொன்னதை யோசித்துத்தான் பார்த்தேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து, சரி, அவள் சொல்கிறபடி ஒரு பக்கத்தையாவது குறைப்போம் என்று சூரிய உதயத்தை எடுத்து வைத்தேன். 'அனற்கரங்கள்' என்பதில் கை வைத்தேன். முடியவில்லை. அது என்ன பாவம் செய்தது? முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. குறைப்பதற்குப் பதில் அரைப் பக்கம் கூடிப்போயிற்று. எழுதி முடித்தபோது அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. வெள்ளையாக விடவில்லை. என்ன எழுதினேனா? என்னவோ எழுதினேன். மேசையில் அவள் உட்கார்ந்து படித்தாள், பால் பொங்கிவிட்டது என்று. ஃபில்லர்தான்.

இதோ, மாட்டுத்தாவணி. பொறுமையாக இறங்கலாம் சார், என்ன அவசரம். கூட்டம் போகட்டும். இந்தப் பையோடு நெரிசலில் இறங்க முடியாது.

அவள் எழுந்துவிட்டாள். முன்படியில் இறங்க வேண்டியதுதானே? கூட்டத்துக்கு எதிரே இந்தப் பக்கம் வருகிறாள். என்னம்மா? இரு, இந்தச் சாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நம் நாவலைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். என்ன? ஆமாம், கடலை வந்தது.

கூடையில் என்ன அது, பாலிதீன் கவரில் சுற்றி?

பார்த்தீர்களா சார்! அந்தக் கட்டு. வெட்டின கட்டு. கடைக்குப் போகவில்லை, கூடைக்குப் போயிருக்கிறது. இதை எதற்கம்மா தூக்கிக்கொண்டு வந்தாய்? உன் தங்கச்சி வீட்டுக்குத்தானே போகிறாய்?

ஜெசிந்தாவைப் பார்க்கப் போகிறாளாம்.

எதற்கு? ஓரத்தில் கேட்டிருந்தாளே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லப் போகிறாளாம். நான்தான் அதற்குப் பதில் எழுதிவிட்டேனே, சிவப்பு மையில், 'தேவையில்லை' என்று. நீ பார்க்கவில்லையா?

"அது உங்க பதில்" என்கிறாள் சார். கேட்டீர்களா? சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறாளே. ஏய், ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்று தெரியுமா உனக்கு? ஜெசிந்தாவின் பதிப்பகம் எந்தப் பக்கம் என்று தெரியுமா? தெரியும்போலிருக்கிறது. கண்டக்டரிடம் ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டாள்.

வேடிக்கை பார்க்காதீர்கள் சார், ஒரு கை கொடுங்கள். இந்தப் பக்க வாரைப் பிடியுங்கள். மெதுவாக. நான் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. ஒரு வரி குறையாது. அவள் போய் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எழுதினவன் நான். அவள் போய்ச் சேர்வதற்குள் நான் போயாக வேண்டும், அவ்வளவுதான். அதோ பாருங்கள், வாசலைத் தாண்டிவிட்டாள். என்ன நடை! வெறும் கூடைதானே, வீசி வீசி நடக்கிறாள். இது என்னடாவென்றால் ஆளைக் கீழே இழுக்கிறது.

என்ன கேட்டீர்கள்? பெயரா? இவள் பெயரா?

செண்பகவல்லி.

ஏன் அப்படித் தலையாட்டுகிறீர்கள்? கூப்பிட்டால் நிற்பாள் என்கிறீர்களா? நிற்பாள், நிற்பாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை சார். நீங்கள் பையைப் பிடியுங்கள்.